கணுக்காலையும் கொஞ்சம் கவனியுங்கள்

தலைகீழாகச் சாய்ந்து முதுகை நீட்டும் இன்வர்ஷன் டேபிளைத் தயாரிப்பவர்களுக்கு முதுகின்மேல்தான் கண். கணுக்காலைக் கேட்க நாதியில்லை.

கணக்குப் போட்டால் புரியும். 60 டிகிரி சாய்வில் உடல் எடையில் சுமார் 87 சதவீதம் தலைப்பக்கம் இழுக்கிறது. 80 கிலோ ஆளுக்கு 69 கிலோ! படுக்கையின் உராய்வு தாங்குவது போக, மீதியெல்லாம் கணுக்கால் தலையில்தான். அதைப் பிடிக்க நாலு ஃபோம் உருளை. பாதத்தின் மேல் எலும்பில் கோடு போட்ட மாதிரி அழுத்தும், சாக்ஸைக் கழற்றினால் சிவந்த தடம். குதிகாலையும் சேர்த்து அணைக்கிற அகலமான பிடி வைத்தால் அதே எடை பரவிவிடும்.

படுக்கை மெத்தென்று இருப்பதைவிட வழவழப்பாக இருப்பது நல்லது. சட்டையைப் பிடித்துக்கொண்டால் முதுகு எப்படி நீளும்?

அப்புறம் உயர அளவு. நம் உயரத்துக்குக் குறைத்து வைத்தால் தலைப்பக்கம் கனத்து, பலகை சட்டென்று கவிழும். நான் சாய்வைக் கட்டுப்படுத்தும் பெல்ட்டைக் கட்டி 30 டிகிரியோடு நிறுத்திக்கொள்கிறேன். அதிலேயே பாதி எடை இழுக்கும், எனக்கு அது போதும். பிரஷர், க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே ஏறாதீர்கள்.