உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் தடுப்பூசியும்

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் தடுப்பூசி என்றதும் பின்வாங்குவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. என் அக்காவும் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்தான். "ஊசி போட்டால் புதுக் கிட்னியை உடம்பு ஏற்காது" என்று அவரிடமும் சொன்னார்கள். டயாலிசிஸிலிருந்து மீண்டவருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் போன்ற மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான் உறுப்பைக் காக்கின்றன. அதனாலேயே ஃப்ளூவும் நிமோனியாவும் இவர்களைக் கடுமையாகத் தாக்கும்.

"போட்டாலும் வேலை செய்யாதாமே" என்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2021-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், கோவிட் எம்ஆர்என்ஏ ஊசியின் முதல் டோஸுக்குப் பிறகு உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதம், இருந்தது. இரண்டாவதுக்குப் பிறகு 54. பிரான்சின் துலூஸில் மூன்றாவது டோஸுக்குப் பின் 68 சதவீதம். கூடுதல் டோஸ் போடச் சொல்வது இதனால்தான்.

தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளை மாற்றுக்குப் பிறகு பொதுவாகத் தவிர்ப்பார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும்போதே அதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். உயிரற்ற ஃப்ளூ ஊசி, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி, ஹெபடைடிஸ் பி எல்லாம் வேறு வகை, அவற்றைப் போடலாம். எப்போது என்பதை உங்கள் மாற்று சிகிச்சை மருத்துவர் சொல்வார். அப்புறம், கூட இருப்பவர்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஊசிக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.