சைட்டோசின் தைமினாகத் தெரிந்தபோது

2009ஆம் ஆண்டு நான் புற்றுநோய் மரபணுத்தொகை ஆய்வில் சேர்ந்தபோது, எங்கள் எல்லோர் கண்முன்னும் இமாட்டினிப் என்னும் மருந்து நின்றது. ஒருவகை ரத்தப் புற்றுநோயாளிகளிடம் 1960இல் காணப்பட்ட சிறிய குரோமோசோம், 9ஆம் 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவே என்று ஜேனட் ரௌலி 1973இல் காட்டினார். அந்த இணைவில் பிறக்கும் புரதத்தை அடக்கும் இம்மருந்து 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒவ்வொரு புற்றுநோய்க்கும் இப்படியொரு பூட்டும் சாவியும் கிடைக்கும் என்று நானும் நம்பினேன்.

புகையிலை மெல்வோரின் ஈறும் கன்னமும் சேரும் இடத்தில் வரும் வாய்ப்புற்றுநோய் அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அதில் அடிக்கடி பழுதாவது, செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் டிபி53 என்னும் காவல் மரபணு. மிகையாக இயங்கும் புரதத்தை அடக்குவதைவிட, பழுதான காவலை மீட்பது மிகக் கடினம்.

ஒருமுறை, ஒரு மருத்துவமனை நோயாளிகளின் திசுவைப் பதித்து வைத்திருந்த பழைய பாரபின் மெழுகுக் கட்டிகள் எங்களிடம் வந்தன. வெளிறிய மெழுகுக்குள் சுண்டைக்காய் அளவுத் திசு, ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். அது யாரோ ஒருவருடைய கன்னத்தின் உட்புறம். டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தியதில், அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் இருக்க வேண்டிய இடங்களில் தைமின் என்னும் இன்னொரு எழுத்து நூற்றுக்கணக்கில் தென்பட்டது. இரண்டு மாதங்கள் அவற்றை ஆர்வத்தோடு அட்டவணைப்படுத்தினேன். பிறகுதான் உறுத்தியது: பெரும்பாலானவை, அந்தந்த இடத்தைக் கருவி வாசித்த நூறு வாசிப்புகளில் மூன்று நான்கில் மட்டுமே இருந்தன, அதே மெழுகுக் கட்டியிலிருந்து மறுபடி டி.என்.ஏ. பிரித்தபோது வேறு இடங்களில் தோன்றின. திசு கெடாமலிருக்க இடும் ஃபார்மலின் திரவத்தில் நெடுநேரம் ஊறிய திசுவில் சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழந்து யுராசில் என்னும் வேறொரு மூலக்கூறாகிவிடுகிறது. படியெடுக்கும் நொதி அதைத் தைமினாகவே வாசிக்கிறது. நோயாளியின் உடலில் ஒருபோதும் நிகழாத பிறழ்வுகளை நான் தொகுத்துக்கொண்டிருந்தேன். அவற்றை நம்பி ஒரு மருத்துவர் மருந்தைத் தேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை.

யுராசிலை வெட்டி நீக்கும் நொதியால் டி.என்.ஏ.வை முதலில் பதப்படுத்தியதும் அந்தப் போலிப் பிறழ்வுகளில் பெரும்பகுதி மறைந்தது. நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, பிறவியிலேயே இருந்தவற்றையும் கழித்தபின் எஞ்சியவை மிகச் சிலவே.

இப்போது புதிதாகச் சேரும் மாணவர்களைக் கணினி முன் அமர்த்துவதற்கு முன்னர், அறுவை அரங்கின் வாசலுக்கு அனுப்புகிறேன். திசு ஃபார்மலினில் எத்தனை மணிக்கு இடப்பட்டது, எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பதை அவர்களே படிவத்தில் எழுதி, கையொப்பமிட்டுக் கொண்டுவர வேண்டும்.