யூத இனப்படுகொலையைக் கற்பிப்பதற்குப் பயிற்சி பெற்ற அனுபவம்

ஹோலோகாஸ்ட் எனப்படும் யூத இனப்படுகொலை, இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் 1991 முதல் கட்டாயப் பகுதியாக இருந்துவருகிறது. அதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் முன் எப்படி வைப்பது என்பதை வரலாற்றுப் பட்டம் மட்டும் கற்றுத்தந்துவிடாது என்பதால், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஹோலோகாஸ்ட் கல்வி மையம் ஆசிரியர்களுக்குக் கட்டணமின்றி நடத்தும் பயிற்சியில் சேர்ந்தேன். பதிவு செய்வது எளிது. அன்றைய என் வகுப்புகளுக்கு மாற்று ஆசிரியரைப் பெறுவதுதான் பெரும்பாடு.

அம்மையம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, யூதர்கள் கொல்லப்பட்டதை அறிந்திருந்த மாணவர்கள் பலருக்கு அதன் காரணம் தெரியவில்லை. ஹிட்லர் என்ற ஒரு மனிதர்மீதே முழுப் பொறுப்பையும் சுமத்தியவர்களும் ஏராளம். 1933இல் ஜெர்மனியின் மக்கள்தொகையில் யூதர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் மாணவர்கள் அதைப் பன்மடங்கு கூட்டியே மதிப்பிட்டனர். யூதர்கள் நாட்டையே ஆட்டிப்படைக்கிறார்கள் என்ற நாஜிப் பிரச்சாரத்துக்கு இந்த அறியாமை இன்றும் இடம் கொடுக்கக்கூடும் என்பது என் கருத்து.

பயிற்சியில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது லியோன் கிரீன்மேனின் வரலாறு. லண்டனில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகனான அவர், மனைவி எல்ஸாவுடனும் மகன் பார்னியுடனும் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வாழ்ந்தார். பாதுகாப்புக்காகத் தம் கடவுச்சீட்டுகளை அவர் ஒப்படைத்திருந்த நண்பர்கள், நாஜிகளுக்கு அஞ்சி அவற்றை எரித்துவிட்டார்கள். பிரிட்டிஷ் குடியுரிமைக்குச் சான்று காட்ட முடியாமல், 1943 ஜனவரியில் அக்குடும்பம் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸ்-பிர்க்கெனா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டது. எல்ஸாவும் மூன்று வயதுகூட நிறையாத பார்னியும் கொல்லப்பட்டார்கள், லியோன் மட்டும் பிழைத்தார். கொன்றவர், வேடிக்கை பார்த்தவர், காப்பாற்றியவர் என்று நாங்கள் வழக்கமாக வரையும் கட்டங்களில் அந்த நண்பர்களை எதில் வைப்பது என்று கேட்டபோது, அறையிலிருந்த ஆசிரியர்களுக்குள்ளேயே உடன்பாடு ஏற்படவில்லை.

மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்கவைப்பதை இத்துறையின் சர்வதேச வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை, அது மிகச் சரியான நிலைப்பாடு; மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு மணி நேரம் நின்றால் பிர்க்கெனா புரிந்துவிடும் என்று நம்புவது அபத்தம். சடலங்களின் படங்களைக் காட்டி அதிர வைப்பதும் கூடாது. கெட்டோக்களிலும் (யூதர்களை அடைத்துவைத்த நகர்ப்பகுதிகள்) முகாம்களிலும் எடுக்கப்பட்ட படங்களில் பல, கொலைக்குப் பொறுப்பானவர்களின் கேமராக்களில் பதிவானவை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் ஆண்டு வகுப்புக்கான பாடத் தொகுப்பை இதன்பின் திருத்தி எழுதினேன். முதல் பாடம் போருக்கு முந்தைய ஐரோப்பாவில் யூதர்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றியது. அடுத்து யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935ஆம் ஆண்டு நியூரம்பர்க் சட்டங்களும், அவற்றை நடைமுறைப்படுத்திய எழுத்தர்கள், நீதிபதிகள், காவலர்களும் வருகிறார்கள். 1941இல் கிழக்கு ஐரோப்பாவில் நடந்த துப்பாக்கிச்சூட்டுப் படுகொலைகளுக்குத் தனி வகுப்பு ஒதுக்கியதால், விஷவாயு அறைகளைப் பற்றிய பாடம் கடைசிக்குத் தள்ளிப்போயிற்று. தப்பெண்ணம் பற்றிய பொது விவாதத்தை நான் தொடக்கத்தில் வைக்கவில்லை; கிரீன்மேனின் நண்பர்களைப் பற்றி மாணவர்கள் தாங்களே வாதிட்டு முடித்த பிறகுதான் அதற்கு நேரம் தருகிறேன்.