மல்லித் தண்ணீரும் மாத்திரையும்

எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்தபோது, சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் 18. சுரப்பு குறைந்தால் இது கூடும். சுரப்பி சுரக்கும் ஹார்மோனான டி4 குறைந்திருந்தது, சுரப்பிக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் ஆன்டி டிபிஓ பல மடங்கு கூடியிருந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குகிற வகை இது. 1912இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரில்தான் இன்றும் அழைக்கிறார்கள். டாக்டர் குறைந்த ஹார்மோனை ஈடுகட்டும் லெவோதைராக்சின் மாத்திரை 50 மைக்ரோகிராம் எழுதிக்கொடுத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த இடைவெளியில் சொந்தபந்தம் எல்லாம் ஆளுக்கொரு மருந்து சொல்லிவிட்டார்கள்.

யாரையும் குறை சொல்ல முடியாது. நான் கிடந்த கிடை அப்படி. குற்றாலத்தில் எல்லோரும் அருவியில் நிற்க, நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தேன். தலை சீவினால் சீப்பு நிறைய முடி. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த அத்தை, "ஏட்டி, ஆயுசு பூரா மாத்திரையவா முழுங்கப் போற? கொத்தமல்லிய கொதிக்க வச்சுக் குடி, எல்லாம் சரியாப் போவும்" என்றார்கள். மதினி கருஞ்சீரகம் என்றாள். பெரியம்மா அமுக்கராப் பொடி, அதாவது அஸ்வகந்தா என்றாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் அயோடின் சொட்டு மருந்தை ஆன்லைனில் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். இவற்றில் எதைக் கேட்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. மாத்திரையை நிறுத்தாமல்தான் பார்ப்பது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்திருந்தேன்.

அதற்குக் காரணம் டாக்டர் சொன்ன ஒரு விவரம். லெவோதைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் ஒருவர் மாத்திரையை விட்டுவிட்டுக் கஷாயத்துக்கு மாறினால், முதல் இரண்டு வாரம் பெரிதாக எதுவும் தெரியாது. பழைய மருந்து உள்ளே இருக்கும். 'மாத்திரையை விட்டேன், ஒண்ணும் ஆகலையே, கஷாயம் வேலை செய்யுது' என்று நம்பிவிடுவார்கள். அசதியும் மலச்சிக்கலும் முகவீக்கமும் திரும்பும்போது அதற்கு வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் தெருவிலேயே இப்படி நடந்திருக்கிறது.

யாராவது "இதைச் சாப்பிட்டு இன்னாருக்குச் சரியாயிட்டு" என்றால், சண்டை போடாமல் சிலவற்றைக் கேட்டுக்கொள்வேன். சாப்பிடுவதற்கு முன் டிஎஸ்எச் எவ்வளவு? பிறகு எவ்வளவு? அந்தச் சமயத்தில் மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்ததா? பிள்ளை பெற்று ஒரு வருஷத்துக்குள்ளா? கடைசிக் கேள்வி முக்கியம். வீரவநல்லூரில் ஒரு பெண்ணுக்கு நாட்டு மருந்தில் தைராய்டு அடியோடு போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். விசாரித்தால், பிரசவமாகி ஆறு மாதத்தில் வந்த தைராய்டு அது. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு வீக்கம் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் தானாகவே அடங்கிவிடும், சிலருக்கு மட்டும்தான் நிலைத்துவிடும். அவள் எந்தப் பொடியைத் தின்றிருந்தாலும், தின்னாமலே இருந்திருந்தாலும், குணமாகியிருக்க வாய்ப்பு அதிகம். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் என் நோய் அவள் நோய் இல்லை.

அயோடின் விஷயத்தில்தான் நான் அதிகம் படித்தேன், ஏனென்றால் நேர் எதிரான இரண்டு யோசனைகள் வந்தன. ஒரு பக்கம் டீச்சரின் சொட்டு மருந்து. இன்னொரு பக்கம் சித்தப்பா, "அயோடின் கலந்த உப்புதான் இவ்வளவுக்கும் காரணம், தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பை அப்படியே வாங்கு" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கடைக்கு வரும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி, அதாவது 10 கிராம் உப்பில் அந்த 150 வந்துவிடும். டீச்சர் சொன்னது ஐந்து சதவீத லூகால் கரைசல். அதில் ஒரே ஒரு சொட்டில் ஏறக்குறைய 6 மில்லிகிராம் அயோடின். தேவையைப் போல நாற்பது மடங்கு! ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அளவு மீறிய அயோடின் சுரப்பியை இன்னும் மந்தமாக்கும். அந்தச் சொட்டை நான் தொடவில்லை, அவரையும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். கல்லுப்புக்கும் மாறவில்லை. வீட்டில் தம்பி மனைவி உண்டாகியிருந்தாள். கர்ப்பத்தில் அயோடின் தேவை 250 மைக்ரோகிராம் வரை கூடும், வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும். எனக்காக அவள் சாப்பாட்டில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அமுக்கராவையும் கருஞ்சீரகத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை, இரண்டுக்கும் ஆய்வு என்று ஏதோ இருக்கிறது. அமுக்கரா பற்றி 2018இல் வந்த ஆய்வில் 50 பேர், எட்டு வாரம். டிஎஸ்எச் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அவர்கள் எல்லோரும் டி4 சரியாக இருந்து டிஎஸ்எச் மட்டும் லேசாகக் கூடியவர்கள். அந்த நிலையில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாமலும் இறங்கும். என்னைப் போல டி4 குறைந்தவர்கள் மாத்திரையை விட்டுவிட்டு அதை நம்பலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அமுக்கரா சாப்பிட்டு ஈரல் பாதித்தவர்கள், தைராய்டு எல்லை மீறிக் கூடியவர்கள் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. கருஞ்சீரகத்துக்கு ஈரானில் 40 ஹாஷிமோட்டோ நோயாளிகளிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வு. நல்ல முடிவுதான், ஆனால் 40 பேரை வைத்து ஆயுளுக்கும் ஒரு முடிவு எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ரசத்தில், குழம்பில் போடுகிற கருஞ்சீரகம் அப்படியே இருக்கட்டும் என்று மதினியிடம் சொன்னேன். அவளும் ஒத்துக்கொண்டாள்.

என்னை உண்மையிலேயே பதற வைத்தவர் டவுனில் ஒரு மாடியில் மருந்து கொடுத்தவர். ஒரு மண்டலத்தில் கழுத்துக் கழலை, தைராய்டு எல்லாம் நிரந்தரமாகப் போகும் என்று நோட்டீஸ். போனதும் முதல் நிபந்தனை, இங்கிலீஷ் மாத்திரையை இன்றே நிறுத்த வேண்டும். பொடியில் என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்றால், பரம்பரை ரகசியம். டப்பாவில் உரிம எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை. சித்த மருந்தானாலும் விற்பனைக்குத் தயாரித்தால் இவையெல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். அதோடு, கழலையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் வருஷத்து மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கும் குற்றம். அமெரிக்காவில் தைராய்டுக்கு உதவும் என்று விற்ற பத்து மருந்துகளைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். அதில் ஒன்பதில் தைராய்டு ஹார்மோனே இருந்தது. அதைப் படித்திருந்ததால், 'உடனே தெம்பு வந்துவிடும்' என்று அவர் சொன்னபோது எனக்குப் பயம்தான் வந்தது. பணம் கட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.

சித்த மருத்துவத்தின் மேலேயே எனக்குச் சந்தேகமா என்றால், இல்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலிருந்து நம் ஊரில் இருக்கிறது, எங்கள் ஆச்சி காலத்திலிருந்தே அங்கே போய் வருகிறோம். நானும் ரிப்போர்ட்டோடு புறநோயாளிப் பிரிவுக்குப் போனேன். அங்கே பார்த்த டாக்டரம்மா முதலில் கேட்டதே மாத்திரை அளவு என்ன என்றுதான். அதை நிறுத்தக் கூடாது, எந்த மருந்து சேர்த்தாலும் இரண்டு டாக்டருக்கும் தெரிய வேண்டும் என்றார்கள். முறைப்படி படித்தவருக்கும் மாடியில் பொடி விற்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஆட்கள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மல்லித் தண்ணீருக்கு வருகிறேன். அத்தையின் மனசு நோகக் கூடாது, அதே சமயம் உண்மையும் தெரிய வேண்டும். அதனால் அப்போது ஆரம்பிக்கவில்லை. மாத்திரை 75க்கு உயர்ந்து டிஎஸ்எச் 3.1இல் நிலைத்த பிறகு, அளவை மாற்றாமல் மல்லித் தண்ணீரை மட்டும் சேர்த்தேன். சாயங்காலம்தான், ஏனென்றால் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி. அடுத்த பரிசோதனையில் 3.3. இந்தச் சிறிய வித்தியாசம் எப்போதும் இருப்பதுதான். ரிப்போர்ட்டை அத்தையிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, கெடுதல் இல்லைல்லா, குடி" என்றார்கள். குடிக்கிறேன், எனக்கு அந்த வாசனை பிடிக்கும்.

இன்னொன்று. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்குமுன் லேபில் சொல்லுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுக் கொடுக்கச் சொல்வார்கள்.

போன வாரம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து சித்தி மகள் போன் பண்ணினாள். டிஎஸ்எச் 6.8, டி4 சரியாக இருக்கிறது. அமுக்கரா வாங்கட்டுமா என்றாள். கடைக்குப் போகாதே, டாக்டரைக் கேட்டு இரண்டு மூன்று மாதத்தில் ஆன்டி டிபிஓவோடு சேர்த்து மறுபடி பார், தானாகவே இறங்கினாலும் இறங்கும் என்றேன். அப்புறம்தான் அவள் குழந்தைக்கு முயற்சி செய்கிறாள் என்று சொன்னாள். அப்படியானால் இரண்டு மாதம் காத்திருக்கவே வேண்டாம், இந்த வாரமே டாக்டரைப் பார் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போகிறேன்.