கூடாரத்துக்குள் பெய்த மழை

மூன்று நாள் விடுமுறை, ஆறு பேர், இரண்டு கூடாரம். ஓடையிலிருந்து கொஞ்சம் தள்ளி, பள்ளமாக ஒரு புல்வெளி கண்ணில் பட்டதும் "இங்கேயே போட்டுடலாம்" என்று முதலில் சொன்னது நான்தான், அதற்கான திட்டை இன்னமும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, சரிவில் இறங்கி, இப்படிப்பட்ட பள்ளத்தில்தான் வந்து தேங்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

குளிருக்குப் பயந்து ஜன்னல், வாசல் ஜிப் எல்லாவற்றையும் இழுத்து மூடினோம். மூன்று பேர் விடுகிற மூச்சில் இருக்கும் ஈரம் எங்கே போகும்? விடியற்காலை நான்கு மணிக்கு என் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கூரைத் துணி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், யாராவது புரண்டு முழங்கை பட்டால் போதும், மொத்தமும் பொலபொலவென்று எங்கள் மேலே. வெளியே மழையே இல்லை, வானம் நிறைய நட்சத்திரம்!

அடுத்த இரவு கொஞ்சம் மேடாகப் பார்த்து, மரங்களுக்கு நடுவே (தலைக்கு மேல் காய்ந்த கிளை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான்) மாற்றிப் போட்டு, மேலும் கீழும் ஒரு சாண் ஜிப்பைத் திறந்து வைத்தோம். குளிரத்தான் செய்தது, ஆனால் படுக்கை நனையவில்லை. அப்புறம் என்ன, குறட்டை மட்டும்தான் பிரச்சினை. அதுவும் என்னுடையதாம், நான் நம்பவில்லை.