கிரீஷ் கர்னாட்: படுதாவுக்கு முன்னால், கேமராவுக்கு முன்னால்

கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட், டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கைப் பற்றி எழுதிய ‘துக்ளக்’ நாடகத்தை மேடையேற்ற நினைக்கும் குழு, நடிகர்களைத் தேடும் முன் ஒரு வேலை செய்ய வேண்டும். 13 காட்சிகளும் எங்கெங்கே நடக்கின்றன என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். முதல் காட்சி டெல்லியில் நீதிமன்றத்துக்கு வெளியே, ஜனங்கள் கூடி நிற்கும் இடம். இரண்டாவது அரண்மனை. மூன்றாவது மசூதிக்கு எதிரே. நான்காவது மறுபடி அரண்மனை. ஐந்தாவது ஒரு வீடு, ஆறாவது அரண்மனை, ஏழாவது சுல்தானின் புதிய தலைநகரான தௌலதாபாத் போகும் வழியில் ஒரு முகாம். அரண்மனைக்கு வெளியே, உள்ளே என்று மாறி மாறி வரும் இந்த வரிசை தற்செயலானதல்ல.

பார்சி நாடகக் கம்பெனிகளின் தொழில்முறை இது. மேடையின் முன்பகுதியில் தெரு எழுதிய படுதாவை இறக்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் இருக்கும் குறுகிய இடத்தில் சாதாரண ஜனங்களும் கோமாளிகளும் பேசிச் சிரிக்கவைப்பார்கள். அந்த நேரத்தில் படுதாவுக்குப் பின்னால் ஆட்கள் சத்தமில்லாமல் அரண்மனையை நிறுத்தி முடிப்பார்கள். படுதா ஏறியதும் மேடையின் முழு ஆழமும் திறக்கும்; ராஜா அங்கே இருப்பார். நம்மூர்க் கம்பெனி நாடகங்களிலும் தெருப் படுதா, தர்பார் படுதா, இடையில் பபூன் என்று இதே ஏற்பாடுதான் இருந்தது. சிர்சியில் வளர்ந்த சிறுவன் கர்னாட் கம்பெனி நாடகமும், கர்நாடகத்துக் கூத்தான யட்சகானமும் பார்த்தே வளர்ந்தவர்.

1964-இல் வந்த ‘துக்ளக்’கில் அவர் இந்த முறையை எடுத்துக்கொண்டு, அதை உள்ளிருந்தே உடைத்தார். அஜீஸ், ஆஜம் என்ற இரண்டு எத்தர்கள் முன்மேடைக்கு உரியவர்கள். பழைய மரபுப்படி அவர்கள் அங்கேயே தங்கிவிட வேண்டும். இங்கே நடப்பது வேறு. காட்சிக்குக் காட்சி அந்த முன்மேடையில் உயிர் ஏறிக்கொண்டே போகிறது; அரண்மனை காலியாகிக்கொண்டே வருகிறது. கடைசியில் அஜீஸ் கலீபா வம்சத்தவர் வேடத்தில் உள்மேடைக்கே வந்து சுல்தானுக்கு எதிரே நிற்கிறான். தெருவையும் தர்பாரையும் பிரித்து வைத்த கோடு அங்கே அழிகிறது. நாடகத்தின் அரசியல் முழுவதும் அந்த ஒரு பிரவேசத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மேடையேற்றும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. முதலாவது, ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கை அணைத்து செட் மாற்றுவது. 13 காட்சிகளுக்கு 12 மாற்றங்கள். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 12 நிமிடம் ஜனம் இருட்டில் உட்கார்ந்திருக்கும். இருட்டை நிரப்பத்தான் தெருக்காட்சிகளே எழுதப்பட்டன. அவற்றையும் வைத்துக்கொண்டு இருட்டையும் வைத்தால் நாடகம் இரண்டு மடங்கு இழுக்கும். முன்காட்சி ஓடும் நேரத்துக்குள் பின்னால் செட் மாறி முடிய வேண்டும், ஒத்திகையிலேயே கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, நேரம் போதவில்லை என்று அஜீஸ் காட்சிகளில் கத்தரி வைப்பது. வெட்டிய குழுவுக்குக் கடைசிக் காட்சியில் அதற்கான தண்டனை கிடைக்கும்: யாரோ ஒருவன் வந்து சுல்தானிடம் பேசிவிட்டுப் போவதாக மட்டுமே அது தெரியும்.

இன்னொரு வழியும் உண்டு. நாடக இயக்குநர் இப்ராஹிம் அல்காசி டெல்லியின் பழைய கோட்டையான புராணா கிலாவின் இடிபாடுகளையே அரங்கமாக்கி, நடிகர் மனோகர் சிங்கை சுல்தானாக நிறுத்தினார். படுதாவே தேவைப்படாத அகலம் அங்கே இருந்தது. (சோவின் ‘முகமது பின் துக்ளக்’ முற்றிலும் வேறு நாடகம். பெயரைப் பார்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.)

‘துக்ளக்’ வந்த காலத்தில் கர்னாட் மெட்ராஸ்வாசி. 1938-இல் மாதேரானில் பிறந்து, தார்வாடில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டு போய்த் திரும்பியவர், 1963 முதல் 1970 வரை ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸின் மெட்ராஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தார். மாலையில் மெட்ராஸ் பிளேயர்ஸ் குழுவில் ஆங்கில நாடகம். அதற்கும் முன்பே, கடல் கடக்கும் தறுவாயில் எழுதிய முதல் நாடகம் ‘யயாதி’க்கு விதை போட்டது ராஜாஜியின் மகாபாரதம். கர்னாடை முழுக்க வெளியூர்க்காரராக நாம் நினைத்துக்கொள்வது எனக்கு வருத்தம்தான்.

அடுத்தது ‘ஹயவதனா’, 1971. ‘துக்ளக்’கில் படுதா இடத்தைப் பிரித்தது என்றால் இதில் அது நடிக்கவே செய்கிறது. குதிரைத்தலை மனிதன் முதன்முதலில் வரும் காட்சியைக் கவனியுங்கள். யட்சகானத்தில் போலவே இரண்டு மேடையாட்கள் அரைப் படுதாவை விரித்துப் பிடிக்கிறார்கள். உள்ளே அழுகுரல். படுதா இரண்டடி இறங்குகிறது. முக்காடு போட்ட தலை மட்டும் தெரிகிறது. கதையை நடத்தும் பாகவதர் சைகை காட்ட, ஓர் ஆள் முக்காட்டை விலக்குகிறார்: குதிரைத் தலை. ஒவ்வொரு படிக்கும் நடுவே நின்று நிதானிக்க வேண்டும். அவசரப்பட்டால் சிரிப்பு மட்டுமே வரும், அந்த ஜீவனின் துக்கம் வராது. தெருக்கூத்தில் திரைப் பிரவேசம் பார்த்துப் பழகிய நடிகர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

நாடகத்தின் மையக்கதையில் தேவதத்தன், கபிலன் என்ற இரண்டு நண்பர்களின் தலைகள் இடம் மாறிவிடுகின்றன; அந்தத் தலைமாற்றத்துக்கு முகமூடி. தேவதத்தனுக்கு வெளிர் நிறம், கபிலனுக்குக் கருநிறம். காளி கோயிலில் தலைகள் இடம் மாறியதும் முகமூடிகளை மாற்றிக்கொண்டால் போதும், காரியம் முடிந்தது. வாயை மூடும் முகமூடி செய்தால் வசனம் உள்ளேயே அடைபடும், அதனால் மூக்கோடு நிற்கும் அரை முகமூடியே நல்லது. உடல்மொழியையும் முதல் பாதியிலேயே அழுத்தமாகப் பதித்துவிட வேண்டும். மல்யுத்தக்காரக் கபிலன் எப்படி நிற்பான், புத்தகப் புழு தேவதத்தன் எப்படி நிற்பான் என்று ஜனத்துக்குத் தெரிந்திருந்தால்தான், மாறிய பிறகு யார் உடம்பில் யார் என்ற கேள்வி உறைக்கும்.

இதையே சினிமாவில் எடுங்கள்: தந்திரக் காட்சி ஆகிவிடும். மேடையில் பார்ப்பவர் சம்மதித்து நம்புகிறார், திரையில் நம்பவைக்க வேண்டியிருக்கிறது. கர்னாட் இந்த வித்தியாசத்தைத் தொழிலாகவே புரிந்துகொண்டவர் என்பதற்கு அவர் இயக்கிய படங்களே சாட்சி. ‘வம்சவிருட்சா’ (பி. வி. காரந்தோடு சேர்ந்து) பைரப்பாவின் நாவல். ‘காடு’ ஆலனஹள்ளி ஸ்ரீகிருஷ்ணாவின் நாவல். ‘கானூரு ஹெக்கடத்தி’ குவெம்புவின் நாவல். தன் புகழ்பெற்ற நாடகங்களைப் படமாக்க அவர் கேமராவைத் தூக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

நடிகராகத் திரையில் அவர் காலூன்றியது 1970-இல் வந்த ‘சம்ஸ்காரா’. யு. ஆர். அனந்தமூர்த்தியின் நாவல், பட்டாபிராம ரெட்டி இயக்கம், ஆஸ்திரேலியரான டாம் கோவனின் ஒளிப்பதிவு. திரைக்கதை கர்னாட், நாயகன் பிராணேசாச்சாரியாராக நடித்ததும் அவரே. அக்ரகாரத்தில் ஒரு பிணம் கிடக்கிறது. எடுக்கும்வரை யாரும் சாப்பிட முடியாது. ஒரே இடம், ஓடும் நேரம் என்று நாடகக்காரர் கைக்கு வாகான நெருக்கடி. தணிக்கையில் முதலில் தடைபட்டு, பிறகு வெளிவந்து, சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது.

அவர் சறுக்கிய இடமும் சொல்லப்பட வேண்டும். 1984-இல் ‘மிருச்சகடிகம்’ என்ற சமஸ்கிருத நாடகத்தை வைத்து சசி கபூர் தயாரிப்பில் ‘உத்சவ்’ எடுத்தார். அம்ஜத் கான் காமசூத்திரம் எழுதிய வாத்ஸ்யாயனராக வந்து கதையை நடத்திச் செல்கிறார். மேடையில் வெறும் தரையைப் பேச்சாலேயே நகரமாக்குவது இப்படிக் கதையை நடத்தும் சூத்திரதாரின் வேலை. நகரத்தையே செட் போட்டுக் காட்டிய பிறகு அவருக்கு அங்கே வேலை இல்லை. படம் அழகாக இருக்கிறது, ஓடவில்லை; பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

1978-இன் ‘ஒந்தானொந்து காலதல்லி’யில் இந்தச் சிக்கலே இல்லை. கூலிப்படை வீரர்கள், காடு, வாள், குறைந்த வசனம். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் படங்களை ஊன்றிப் பார்த்தவரின் வேலை. சங்கர் நாக் என்ற நடிகரைத் தந்த படமும் அதுவே. ‘காதலன்’ படத்தில் கவர்னராக வந்த கர்னாடை மட்டும் தெரிந்தவர்கள் அடுத்ததாக இதைப் பார்க்கலாம், அதன் பிறகு ‘சம்ஸ்காரா’.