ஜெஸ் அழாத காலை

கேத்தரின் பேட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெராபிதியா' 1977-இல் வந்த சிறுவர் நாவல். ஐந்தாம் வகுப்புப் பையன் ஜெஸ்ஸின் தோழி லெஸ்லி, இருவரும் கற்பனையில் உருவாக்கிய டெராபிதியா ராஜ்ஜியத்துக்குப் போக, கயிற்றில் ஊஞ்சலாடி ஓடையைத் தாண்டும்போது கயிறு அறுந்து இறந்துபோகிறாள். அந்த நேரம் அவன் இசை டீச்சரோடு வாஷிங்டனில் ஓவியம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளையும் கூப்பிட்டிருக்கலாமே என்பதுதான் அப்புறம் அவனைக் குடைகிறது.

துக்கம் அவனுக்குக் கோணல்மாணலாகத்தான் வருகிறது. முதலில் நம்பவே மறுக்கிறான், மறுநாள் காலை பான்கேக்கை ருசித்துச் சாப்பிடுகிறான், நீ அழவே இல்லையே என்று அக்கா கேட்கிறாள். இனி வகுப்பில் நான்தான் வேகமான ஓட்டக்காரன் என்றுகூட ஒரு நினைப்பு வந்துபோகிறது. பெரியவர்கள் முகம் சுளிக்கலாம், எனக்கு நாவலிலேயே நேர்மையான இடம் இதுதான்.

அப்புறம் கோபம். ஏதோ கேட்ட தங்கையை முகத்தில் அடிக்கிறான், கிறிஸ்துமஸுக்கு லெஸ்லி கொடுத்த வண்ணங்களை ஓடையில் வீசுகிறான். அவனை அதிகம் கொஞ்சாத அப்பா வந்து அணைத்துக்கொள்ளும்போதுதான் உடைகிறான். எல்லோரும் கிண்டல் செய்கிற கண்டிப்பான வகுப்பாசிரியை தன் கணவர் இறந்தபோது மறந்துவிடச் சொன்னவர்களைப் பற்றியும், தான் மறக்க விரும்பாததைப் பற்றியும் அவனிடம் பேசுகிறார். அறிவுரையே இல்லை.

கடைசியில் பலகை போட்டுப் பாலம் கட்டி, அடித்த அதே தங்கையை டெராபிதியாவின் ராணியாக்கி அழைத்துப் போகிறான். அழகுதான், ஆனால் கொஞ்சம் அவசரம். இன்னும் ஒரு அத்தியாயம் அவனைக் கோபத்திலேயே விட்டிருக்கலாம்.